இருபது நொடி ஓட்டம், பத்து நொடி ஓய்வு

மேச்சேரியில் ஒரு பெண் "எக்சர்சைஸ் பண்றேன்" என்று சொன்னால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். "வீட்டு வேலையைவிடப் பெரிய எக்சர்சைஸ் என்ன இருக்குது?" என்பது ஒன்று. "இந்த வயசுல உடம்பைக் குறைச்சு யாருக்குக் காட்டப் போற?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு நான் பதில் சொல்வதில்லை. முதலாவதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அதைக் கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாலரை மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, ஆட்டுக்குத் தழை போட்டு, சோறாக்கி வைத்துவிட்டுத் தறிக்கோ காட்டுக்கோ போகிறவர்கள். அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும் என்பதை மூன்று வருடமாக என் உடம்பை வைத்துத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வயது 43. நூல் வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். உட்கார்ந்தே பார்க்கிற வேலை. மூன்று வருடங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.2 என்று வந்தது. 6.5 ஆனால் சர்க்கரை நோய்; 5.7-ஐத் தொட்டாலே எல்லைக்கோட்டில் நிற்கிறோம் என்று பொருள். அப்பாவைக் கொண்டுபோன நோய் என்பதால் பயந்துவிட்டேன். டாக்டர் மாத்திரை தரவில்லை. "தினமும் முக்கால் மணி நேரம் வேகமா நடங்க" என்றார்.

முக்கால் மணி நேரம் என்பது எங்கள் வீட்டில் சட்னி அரைத்து, மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, குழாயில் தண்ணீர் வரும்போதே குடங்களை நிரப்பி முடிக்கிற நேரம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுவதாகச் சொல்கிறது. அதில் ஈடுபடும் ஆணுக்கு அது 97 நிமிடங்கள். டாக்டர் கேட்ட 45 நிமிடங்களை இந்த 299-ல் எங்கே வெட்டி எடுப்பது?

நேரம் கிடைத்தாலும் இடம் வேண்டும். மேட்டூர் சாலையில் விடியற்காலையிலேயே லாரிகள் ஓடும். ஆண்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தனியாக நடப்பார்கள்; முடித்ததும் டீக்கடையில் உட்காருவார்கள். பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, புடவையோடு ஷூ போட்டுக்கொண்டு, வெளிச்சம் வந்த பிறகு போய், தெரு விழிக்கும் முன் திரும்பிவிட வேண்டும். வெளிச்சம் வருகிற நேரத்தில் நான் அடுப்பின் முன்னால் நிற்பேன்.

சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகள்தான், "நாலு நிமிஷம் போதும்மா, மொட்டை மாடியிலேயே பண்ணலாம்" என்று சொல்லி அதிதீவிர இடைவெளிப் பயிற்சியை அறிமுகப்படுத்தினாள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹிட்' என்கிறார்கள். கொஞ்ச நேரம் மூச்சு முட்டுகிற வேகத்தில் உடலை இயக்க வேண்டும். பிறகு நிற்கவோ மெதுவாக நடக்கவோ வேண்டும். மறுபடி வேகம், மறுபடி ஓய்வு. அவ்வளவுதான்.

முறை பழையது. 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக் இப்படித்தான் பயிற்சி எடுத்தார். 400 மீட்டரை வேகமாக ஓடுவார், கொஞ்ச தூரம் மெதுவாக ஓடுவார், மறுபடி வேகமெடுப்பார். ஜிம்முக்கும் கைப்பேசிக்கும் இது வந்ததில் பெரும்பங்கு ஜப்பானின் இஜுமி தபாதாவுக்கு உண்டு. 1996-ல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினர் வாரம் ஐந்து நாள் ஒரு மணி நேரம் நிதானமான வேகத்தில் சைக்கிள் மிதித்தார்கள். இன்னொரு பிரிவினர் 20 நொடி முழு வேகம், 10 நொடி ஓய்வு என்று ஏழெட்டுச் சுற்று மிதித்தார்கள். மொத்தம் ஏறக்குறைய நாலு நிமிடம். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், உடல் ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் இரு பிரிவுக்குமே கூடியிருந்தது. ஆக்ஸிஜன் போதாதபோதும் வேலை செய்கிற திறன் நாலு நிமிடக்காரர்களுக்கு மட்டும் 28 சதவீதம் உயர்ந்திருந்தது.

அவர்கள் தடகளப் பழக்கமுள்ள இளைஞர்கள். சாதாரண உடம்புக்கு இது ஒத்துவருமா என்பதைக் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு சோதித்தது. 2016-ல் வந்த முடிவின்படி, வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இருபது நொடிகளாக மூன்று முறை மட்டும் முழு வேகத்தில் மிதித்தவர்களுக்கும், 45 நிமிடம் நிதானமாக மிதித்தவர்களுக்கும் 12 வாரத்தில் ஒரே அளவு பலன் கிடைத்தது. இரு பிரிவிலும் ஆக்ஸிஜன் எடுக்கும் திறன் 19 சதவீதம் கூடியது. இன்சுலின் வேலை செய்யும் விதமும் மேம்பட்டது. வேகமாக இயங்கும்போது தசைகள் தம்மிடம் சேர்த்துவைத்த சர்க்கரையைச் செலவழிக்கின்றன. அதை மறுபடி நிரப்ப ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. சர்க்கரை எல்லையில் நிற்கும் என்னைப் போன்றவருக்கு இது முக்கியமான செய்தி.

ஆக, மொட்டை மாடி. திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தரை மணி. ஐந்து நிமிடம் மெதுவாக நடை. பிறகு இருந்த இடத்தில் ஓட்டம், தோப்புக்கரணம், மாடிப்படி ஏறுதல் என்று முப்பது நொடி வேகம், ஒரு நிமிடம் ஓய்வு. எட்டுச் சுற்று முடிந்ததும் மறுபடி ஐந்து நிமிட நடை. சுடிதார் போதும்; கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம், யார் கண்ணும் வேண்டாம். ஆறு மாதத்தில் சர்க்கரை 5.8-க்கு இறங்கியது. சோற்றைக் குறைத்ததும் அதில் சேர்த்தி, எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க முடியாது. எடை ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. ஆனால் அரிசி மூட்டையை நகர்த்திவிட்டு மூச்சு வாங்க உட்காருவது நின்றுபோனது. இரவுத் தூக்கம் வந்தது. என் இதயம் வேகமாக அடிப்பதை, பயமோ கோபமோ இல்லாமல் நானே விரும்பி அடிக்க வைத்ததாக, நாற்பது வயதுக்கு மேல்தான் முதன்முதலில் கேட்டேன்.

இதையெல்லாம் சொன்னால் தோழிகள் உடனே வீடியோவை அனுப்பச் சொல்கிறார்கள். நான் அனுப்புவதில்லை. முதலில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

தபாதாவின் ஆய்வில் மிதித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். கிபாலா குழுவின் 2016 ஆய்விலும் ஆண்கள் மட்டுமே. அதே குழு 2014-ல் உடல் பருமன் உள்ள ஏழு ஆண்களையும் ஏழு பெண்களையும் வைத்து ஆறு வாரம் சோதித்தபோது, நாள் முழுக்க எடுத்த ரத்தச் சர்க்கரையின் சராசரி ஆண்களுக்குக் குறைந்தது; பெண்களுக்குக் குறையவில்லை. ஏழு பேரை வைத்துப் பெண்ணினத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஏன் ஏழு பேரோடு நிற்க வேண்டியிருக்கிறது என்று கேட்கலாம். விளையாட்டு, உடற்பயிற்சி மருத்துவ இதழ்கள் மூன்றில் 2011 முதல் 2013 வரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பங்கேற்றோரில் பெண்கள் 39 சதவீதமே என்று கண்டார்கள். மாதவிடாய் ஆய்வைக் குழப்பிவிடும் என்பது பெண்களை விலக்கச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. நம் உடம்பில் மாதாமாதம் நடப்பதை ஆய்வுக்குத் தடை என்று ஒதுக்கிவிட்டு, வரும் முடிவை மட்டும் நமக்கும் சேர்த்து விற்கிறார்கள்.

ரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கும் அதிகம். ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அது குறைவாக இருக்கும்போது உடலிடம் அதிகபட்ச ஆக்ஸிஜன் கேட்பது, வண்டியில்லாத இடத்தில் மூட்டை ஏற்றச் சொல்வது போல. எங்கள் தெருவில் ஒரு தங்கை இரண்டாவது நாளே கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சோம்பேறித்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 8.4. அவளுக்கு வேண்டியிருந்தது இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, முட்டை. குதிப்பது அதற்குப் பிறகு.

யாரும் சத்தமாகப் பேசாத இன்னொன்றும் உண்டு. குதிக்கும்போது சிறுநீர் கசிகிறது. பிள்ளை பெற்றவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருக்கும். தும்மினாலும் இருமினாலும் துளி கசியும். வீடியோவில் வரும் பயிற்சிகளில் பாதி குதிப்பதுதான். "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் பெண்கள் பலர். குதிக்காமலே தீவிரத்தைக் கொண்டுவர முடியும். மாடிப்படியை வேகமாக ஏறினால் போதும். கீழே மெதுவாக இறங்குவதே ஓய்வு. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியைப் படுத்துக்கொண்டே செய்யலாம். கசிவு தொடர்ந்தால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பிள்ளை பெற்றதற்கு வாழ்நாள் தண்டனையாக அதைச் சுமக்க வேண்டியதில்லை.

மற்ற எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலி, இதய நோய், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சிக்குப் பின் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். சிலருக்கு உடனடியாகக் கொஞ்ச நேரம் ஏறவும் செய்யும். பழக்கமில்லாத உடம்பை முதல் நாளே எல்லை மீறி வருத்தினால், அரிதாகத் தசைகளே சிதைந்து, சிறுநீர் டீத்தூள் நிறத்தில் போகும். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பல வாரம் வேகநடை பழகியபின் மெல்ல மெல்ல வேகம் கூட்டுவதே சரியான வழி.

மாயம் எதுவும் இல்லை என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நார்வேயின் ட்ரோண்ட்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 ஆண்களையும் பெண்களையும் ஐந்து வருடம் கவனித்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. சிலர் தீவிர இடைவெளிப் பயிற்சி செய்தார்கள், சிலர் மிதமான பயிற்சி செய்தார்கள், மற்றவர்களுக்கு நாட்டின் பொதுவான உடலுழைப்பு அறிவுரை மட்டும் தரப்பட்டது. பயிற்சிப் பிரிவுகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட அவற்றில் இறப்பு குறைந்ததாக நிறுவ முடியவில்லை. நடக்க வசதியுள்ளவர் நடந்தாலே போதும். வேகப் பயிற்சியின் பெரிய லாபம் நேரம்தான். நேரம் யாரிடம் இல்லையோ அவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்பட வேண்டும்.

இப்போது அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வீட்டு வேலையும் காட்டு வேலையும் உடற்பயிற்சி ஆகாதா?

என் அம்மாவுக்கு வயது 68. சேந்துகிணற்றில் தண்ணீர் இறைத்து வளர்ந்தவர். மேட்டூர் அணை பக்கத்தில் இருந்தாலும் எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமிதான். கடலைக்காய்க் காட்டில் களை வெட்டினார், செடி பிடுங்கினார், சாயங்காலம் விறகுச் சுமையோடு வந்து, இரவில் ராட்டையில் தார் சுற்றினார். உழைப்புதான் உடற்பயிற்சி என்றால் அம்மா எங்கள் வட்டாரத்திலேயே திடமான பெண்ணாக இருக்க வேண்டும். இரண்டு முழங்காலும் தேய்ந்து, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, மாடி ஏற முடியாமல் இருக்கிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. டென்மார்க்கில் ஆந்திரியாஸ் ஹோல்டர்மன் குழு ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண், பெண்களின் விவரங்களைப் பல வருடங்கள் தொடர்ந்து, 2021-ல் முடிவை வெளியிட்டது. ஓய்வு நேரத்தில் உடலை அதிகம் இயக்கியவர்களுக்கு மாரடைப்பு போன்ற ஆபத்துகள் குறைந்திருந்தன. வேலையில் உடலை அதிகம் இயக்கியவர்களுக்கு அவை கூடியிருந்தன. அதே தசைகள், அதே இதயம், ஆனால் எதிரெதிர்ப் பலன். அவர்கள் முன்வைக்கும் விளக்கங்களில் முக்கியமானவை இவை. வேலை நாள் முழுக்க நீள்வதால் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்கில் ஏறியே இருக்கின்றன. தேற நேரம் போதவில்லை. எப்போது நிறுத்துவது என்பது உழைப்பவர் கையில் இல்லை.

களை வெட்டுகிற வரிசையை நினைத்துப் பாருங்கள். பக்கத்து ஆள் முன்னால் போய்விட்டால் நாம் நிமிர முடியாது. அடுப்பில் இருக்கிற பால் நமக்காக நிற்காது. அழுகிற பிள்ளைக்குப் பத்து நொடி என்றால் என்னவென்று தெரியாது. நம்மிடம் தீவிரம் காலங்காலமாக இருந்திருக்கிறது. இடைவெளிதான் இருந்ததில்லை. உடல் பலப்படுவது வேகத்தின்போது இல்லை, அதற்குப் பிறகு வரும் ஓய்விலும் தூக்கத்திலும் சாப்பாட்டிலும்தான். அதனால்தான் இந்தப் பயிற்சியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்யச் சொல்கிறார்கள்.

வேலையில் வரும் வேகம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்யாத 25,241 பேரின் கையில் அசைவைப் பதியும் கருவி கட்டிப் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, மாடிப்படி ஏறுவது போல ஒன்றிரண்டு நிமிட வேகம் ஒரு நாளில் மூன்று முறை வாய்த்தவர்களிடம், அது அறவே இல்லாதவர்களைவிட இறப்பு விகிதம் 40 சதவீதம் அளவுக்குக் குறைவு. ஒன்றால்தான் மற்றொன்று என்று இந்த வகை ஆய்வு நிரூபிக்காது. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கலாம். அவர்களுடைய அந்த இரண்டு நிமிட வேகத்துக்கு முன்னும் பின்னும் இளைப்பாற நேரம் இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு படி ஏறுவதும் நல்லதே, ஏறியதும் உட்கார விட்டால்.

எங்கள் வீட்டில் மிகக் கடினமான பகுதி தோப்புக்கரணம் இல்லை. அந்த அரை மணி நேரத்துக்கு யாரும் கூப்பிடக் கூடாது என்பதுதான். முதல் வாரம் "சட்டை எங்கே", "பால் பொங்குது", "அம்மா கூப்பிடறாங்க" என்று மாடிப்படியில் குரல் வந்துகொண்டே இருந்தது. நான் இறங்கவில்லை. பால் இரண்டு நாள் பொங்கி வழிந்தது. மூன்றாவது வாரத்தில் என் கணவர் அடுப்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். பையன் குக்கர் வைக்கப் பழகினான். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. காலை விட்ட வேலையை ராத்திரி பதினொரு மணிவரை செய்து ஈடுகட்டினால், பயிற்சியும் 299 நிமிடங்களோடு சேர்ந்த இன்னொரு வேலை ஆகிவிடும். தூக்கத்தை வெட்டிச் செய்யும் உடற்பயிற்சியைவிடத் தூங்குவது மேல் என்று தோழிகளிடம் சொல்கிறேன்.

அம்மாவுக்கும் ஒன்று கண்டுபிடித்தோம். திண்ணையில் நாற்காலி போட்டு, கைப்பிடியைப் பிடிக்காமல் எழுந்து உட்கார வேண்டும். ஐந்து முறை. அவர் வயதுக்கும் மூட்டுக்கும் அதுவே தீவிரம். பிறகு இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். எழுந்து உட்காருவது அவருக்குச் சீக்கிரம் கைவந்தது. சும்மா இருப்பது வரவில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் கீரையை எடுத்து ஆயத் தொடங்கிவிடுவார். "கையைச் சும்மா வெச்சிக்கிட்டு எப்படிம்மா உக்காரறது?" என்பார். முறத்தை அவர் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் இதை விளக்கிச் சொன்னபோது, விசைத்தறிப் பட்டறைக்குப் போகும் ஓர் அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, "வேகம் சரி. இந்தப் பத்து நொடியை எங்க முதலாளிகிட்ட யாரு கேட்டு வாங்கறது?" என்றார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேரம் இடைவேளை தர வேண்டும் என்று எழுதியது. மின்சாரத்தில் ஓடும் பட்டறை என்றால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தும் என்றும் எழுதியது. எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டை ஒட்டி நாலு தறியும் ஆறு தறியும் ஓடும் கொட்டகைகளில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்திருத்தம் கொண்டுவந்ததே 2021-ல்தான். சமையலறைக்கு எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் பயிற்சியோடு இதையும் பேசுவதாக இருக்கிறோம். எந்தப் பட்டறையில் யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், கழிப்பறை உண்டா, உட்கார முக்காலி உண்டா என்று ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறோம். அதில் ஒரு பத்தியில் வீட்டு நேரத்தையும் எழுதச் சொன்னேன். அந்த அக்கா எழுதிக் கொடுத்த கணக்கில் காலை நாலரை முதல் இரவு பத்தரை வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அவருக்கு இப்போதைக்கு எந்தப் பயிற்சியும் சொல்லப் போவதில்லை. முதலில் ஒரு கட்டத்தையாவது காலி செய்ய வேண்டும்.